ஒட்டாத தீனி

கோழிகள் தின்றுகொண்டுதான் இருந்தன. அதுதான் யாருக்கும் புரியவில்லை.

காலையில் ஷெட்டின் பக்கத் திரைகளைச் சுருட்டி ஏற்றும்போது வெளியே இருக்கும் பனி உள்ளே வரும். உள்ளே இருக்கும் சூட்டோடு அது கலந்ததும் கொஞ்ச நேரம் தரையே தெரியாது. வெள்ளையாக ஏதோ அசைவது மட்டும் தெரியும். பிறகு தீனித் தட்டுகளின் சிவப்பு தெரியும். தட்டைச் சுற்றி நெருக்கியடித்துக் குனிந்திருக்கும் கழுத்துகள் தெரியும். அலகுகள் தட்டில் படும் சத்தம் ஓட்டுக் கூரையில் தூறல் விழுவது போல விடாமல் கேட்கும்.

நல்ல பசிதான். ஆனால் ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் கையில் கனம் இல்லை. மார்பெலும்பு விரலில் தட்டுப்பட்டது. இறகு முழுதாக மூடாமல் முதுகில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. இந்த வயதில் உருண்டு திரண்டு நடக்க முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய கோழிகள், குருவி மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

"தின்னுது, தண்ணி குடிக்குது, எச்சமும் நல்லாத்தான் இருக்கு," என்றான் அண்ணன், கையில் இருந்த கோழியைக் கீழே விட்டபடி. "உடம்புல ஒட்டவே மாட்டேங்குதே."

ஷெட்டுக்கு முன்னால் தீவன மில். மில்லுக்கு முன்னால் வீடு. மூன்றும் அண்ணன், தம்பி இருவருக்கும் பொது. தீனி கலப்பதும் கோழியைப் பார்ப்பதும் அண்ணன். வண்டி ஓட்டுவதும் சோளம், சோயா எல்லாம் வாங்கிவருவதும் தம்பி. அண்ணன் மனைவி சோயா வறுப்பாள். அவளை எல்லோரும் அண்ணி என்றார்கள். மூட்டை இறக்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். தம்பியின் மனைவி இளையவள், அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மசக்கையில் இருந்தாள். அவள் மட்டும் அண்ணியை அக்கா என்பாள்.

சோயாவை அப்படியே அரைத்துக் கோழிக்குப் போட முடியாது. வறுக்காத பயறில் செரிமானத்தைக் கட்டிப்போடும் ஏதோ ஒன்று இருக்கிறது. சூடு பட்டால்தான் அது சாகும். சூடு கூடிவிட்டால் கோழிக்கு வேண்டியதும் சேர்ந்து போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது குறுகலான இடம். அந்த இடத்தை அந்த வீட்டில் அண்ணியின் மூக்குதான் கண்டுபிடித்தது.

படுக்கவைத்த இரும்பு டிரம், கீழே நெருப்பு, சுற்றுவதற்கு மோட்டார். டிரம்மின் முகப்பில் கையகல மூடி. அண்ணி அதை அவ்வப்போது திறந்து முகத்தைக் கொண்டுபோவாள். முதலில் பச்சை வாடை வரும். அது போய், ஈரத் துணியை இஸ்திரி போடும்போது வருவது போல ஒன்று வரும். அதுவும் தேய்ந்து, அடியிலிருந்து லேசாக ஓர் இனிப்பு கிளம்பும். அந்த இனிப்பு முழுதாக வந்து சேருவதற்குள் அவள் கையைத் தூக்குவாள். மோட்டார் நிற்கும். பிறகு பயறு தரையில் பரவி ஆறும். செக்கில் எண்ணெய் பிழிந்ததும் புண்ணாக்கு தீனிக்குப் போகும். தம்பி அவளுக்கு மீட்டர் என்று பெயர் வைத்திருந்தான். "எங்க அண்ணி மூக்குல முள்ளு ஓடும், பாத்திருக்கீங்களா?" என்று வருகிறவர்களிடம் கேட்பான்.

மழைக்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் போனது. அண்ணிக்குப் போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போனது.

முதலில் அவள் அதை மூக்கடைப்பு என்று நினைத்தாள். அடைப்பு விட்டது. மூச்சு தாராளமாக ஓடியது. ஆனால் மூச்சில் எதுவும் இல்லை. சோப்பு வெறும் வழுக்கலாக இருந்தது. டீ வெறும் சூடாக இருந்தது. கணவனின் சட்டையை மடிக்கும்போது அது கடையில் தொங்கும் யாரோ ஒருவருடைய சட்டை மாதிரி இருந்தது. வாசலில் மழை டிவியில் பெய்வது போலப் பெய்தது. பார்க்கலாம், கேட்கலாம், அவ்வளவுதான். சமையலைக் கை ஞாபகத்தில் செய்தாள். வீடு முழுக்க யாரோ மெல்லிய கண்ணாடி ஒன்றை இறக்கிவிட்டது போலவும், எல்லோரும் அதற்கு அந்தப் பக்கம் நடமாடுவது போலவும் இருந்தது. சில நேரம் அது ஒன்றும் மோசமாக இல்லை. தூக்கத்திலேயே வேலை செய்வது போல ஒரு மெதுவு.

டிரம்மின் மூடியைத் திறந்தபோதுதான் பயந்தாள். முகத்தில் சூடு அடித்தது. வேறொன்றும் வரவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில், அப்போது வறுத்துக்கொண்டிருந்த ஆள் அவசரப்பட்டு எடுத்துவிட, ஷெட் முழுக்கக் கோழிகள் கழிந்து தரை சேறானதை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டாள். பிறகு, இன்னும் கொஞ்சம். மில்லுக்குள் எரியும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லாப் பயறும் பொன்னாகத்தான் தெரிந்தது. கையைத் தூக்கினாள். மோட்டார் நின்றது. அந்தப் பயறைத்தான் இப்போது கோழிகள் தின்றுகொண்டிருந்தன.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு வந்துவிடும் என்று நினைத்தாள். நாளைக்கு வந்துவிடப்போகிற ஒன்றை இன்றைக்கு எதற்குச் சொல்வது?

வீட்டில் பேச்சு பயறின் மேல் திரும்பியது.

"யார்கிட்ட வாங்கின?" என்று அண்ணன் சாப்பிடும்போது கேட்டான்.

"புது வியாபாரி. நல்ல பயறுண்ணா. இறக்கும்போது நீங்களும்தான் கடிச்சுப் பாத்தீங்க."

"கடிச்சா உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? பழைய சரக்கை மினுக்கி உன் தலையில கட்டியிருக்கான்."

"என் தலை என்ன, மூட்டை கட்டற இடமா?"

இளையவள் சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. "சிரிங்க. கோழி எடுக்க வர்றவன் வந்து பாத்துட்டு, இது என்ன புறாவான்னு கேப்பான். அப்பவும் சிரிங்க."

"லேபுல குடுத்துப் பாருங்க. பயறு கெட்டதுன்னு வந்தா என்னைக் கேளுங்க."

இரண்டு பேரும் புண்ணாக்கில் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு போனார்கள். லேப் ஒரு மாடியில் இருந்தது. வெள்ளைக் கோட்டின் கை விரல்வரை நீண்டிருந்த ஒரு பெண், சில நாள் கழித்து வரச் சொல்லி, அவர்கள் மறுபடி போனபோது தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"புரதம் சரியா இருக்கு."

தம்பி அண்ணனைப் பார்த்தான். "கேட்டீங்களா?"

"சரியா இருந்தா கோழி ஏம்மா வளரல?" என்றான் அண்ணன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாங்க பாக்கறது நைட்ரஜனைங்க. அதை வெச்சுத்தான் புரதம் இவ்வளவுன்னு போடுவோம். பயறு தீஞ்சாலும் நைட்ரஜன் அங்கயேதான் இருக்கும். இந்த நம்பர் மாறாது. கோழி இப்படிக் கணக்குப் பாக்காது."

"அது எப்படிப் பாக்கும்?"

"அதுக்கு லைசின்னு ஒண்ணு வேணும். அமினோ அமிலம். சூடு ஜாஸ்தியாச்சுன்னா அது பயறுல இருக்கற சர்க்கரையோட ஒட்டிக்கும். அப்புறம் குடல்ல பிரியாது. உள்ள போகும், அப்படியே வெளிய வந்துடும்." ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு சிட்டிகைப் பொடியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். "இது வேற இடத்துது. இது உங்களுது. கொஞ்சம் கருத்த மாதிரி இருக்கு. காரத் தண்ணியில எவ்வளவு கரையுதுன்னு பாக்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. பாத்துடட்டுமா? வறுத்தது யாருங்க?"

தம்பி சிரித்தான். "வறுத்தது எங்க அண்ணி. அந்தக் கேள்வியே வேண்டாம்மா."

"அங்க தப்பு வராது," என்றான் அண்ணனும்.

பல நாட்களாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் அந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். அந்தப் பெண் பொடிகளைத் துடைத்தெடுத்துவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் வண்டிக்குள் சண்டை பெரிதானது. "நம்பர் சரியா வந்தா பயறு நல்லதுன்னு ஆயிடுமா?" என்றான் ஒருவன். "அப்ப தெரிஞ்சே கெட்ட சரக்கை வாங்கிட்டு வந்தேங்கறீங்களா?" என்றான் மற்றவன். வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அண்ணி தட்டு வைத்தாள். தம்பி அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

"வறுத்தது யாருன்னு அந்தப் பொண்ணு கேக்குது அண்ணி. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

அண்ணி கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அதற்குள் அண்ணன் பேசினான். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"இந்தக் கோழி போகட்டும். அப்புறம் ஷெட்டை நீ வெச்சுக்க. மில்லை நான் வெச்சுக்கறேன். அவங்கவங்க பொழப்பை அவங்கவங்க பாத்துக்கலாம்."

தம்பி சாப்பிட்டு முடித்தான். கையைக் கழுவினான். "சரி," என்றான்.

மறுநாள் வறுக்க வேண்டியிருந்தது. வானம் மூடிக்கிடந்தது. மில்லுக்குள் தவிட்டுத் தூசு, இறங்கவும் மனமில்லாமல் ஏறவும் மனமில்லாமல் வெளிச்சத்தில் மிதந்தது. டிரம் சுற்றும் சத்தம் சீராகக் கேட்டது. அண்ணன் ஷெட்டின் ஒரு கோடியில் இருந்தான். தம்பி மறு கோடியில் இருந்தான். இளையவள் கதவருகே காலிச் சாக்குகளின் மேல், துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க வந்து உக்காரேன்," என்றாள் அண்ணி.

"எனக்குக் குமட்டும்க்கா."

"தெரியும். வா."

"தெரிஞ்சே கூப்பிடறீங்களா? இது என்ன கொடுமை?" என்றபடி எழுந்து வந்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணி சொன்னதை அவள் தட்டியதில்லை.

அண்ணி மூடியைத் திறந்தாள். "இப்ப எப்படி இருக்கு?"

"எனக்கா? வயித்தைப் புரட்டுது."

"இல்ல. இது எப்படி இருக்கு?"

"பச்சையா, புல்லு மாதிரி."

கொஞ்ச நேரம் போனது. மறுபடி திறந்தாள். "இப்ப?"

"ரொட்டி சுடற கடைப்பக்கம் போன மாதிரி." இளையவள் துப்பட்டாவை இறக்கினாள். "ஏன்க்கா என்னையே கேக்கறீங்க? நீங்கதான் மூஞ்சியை உள்ளயே விட்டுட்டு நிக்கறீங்களே."

அண்ணி மூடியைச் சாத்தினாள். இளையவள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகியபோது பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள். போன வாரம் ஷெட்டில் எலி செத்துக் கிடந்ததைக் கடைசியாகத் தெரிந்துகொண்டவள்.

"அக்கா. உங்களுக்கு எதுவும் தெரியலயா?"

"இல்லடி."

"எப்ப இருந்து?"

"காய்ச்சல்ல இருந்து."

டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. இளையவள் சாக்கு ஒன்றை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்தாள். "எனக்குப் பச்சைத் தண்ணிகூட நாறுது. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. என்னோடதுல பாதியை நீங்க வாங்கிக்கக் கூடாதா?"

அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது.

"சொல்லிடுங்கக்கா. ரெண்டு பேரும் பிரியறதுன்னே முடிவு பண்ணிட்டாங்க."

"எப்படிச் சொல்றது? இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பாரு. அவனைத் திட்டும்போதெல்லாம் நான் பக்கத்துல நின்னு சோறு போட்டிருக்கேன்." சற்று நிறுத்தி, "நீ சொல்லேன்," என்றாள்.

"நான் சொன்னா, புருஷனைக் காப்பாத்த அக்கா தலையில பழியைப் போட்டாள்னு ஆகும். நாளைக்கு நீங்களே அப்படி நினைப்பீங்க."

"நினைக்க மாட்டேன்."

"இன்னைக்கு மாட்டீங்க."

அது உண்மைதான் என்று அண்ணிக்குத் தெரிந்தது. அவள் டிரம்முக்கு முதுகைக் காட்டி நின்று இளையவளின் கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். வெளியே தூறல் ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு கதவுப்பக்கம் ஓடினாள். வாசலில் குனிந்து வாந்தியெடுத்தாள். அண்ணி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தீயுதுக்கா," என்று இளையவள் மூச்சுக்கு நடுவே கையைப் பின்னால் காட்டினாள்.

அதற்குள் ஷெட்டின் இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு பேர் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் மோட்டாரை நிறுத்தி நெருப்பை இழுத்துத் தள்ளினான். தம்பி டிரம்மின் வாயைத் திறந்தான். கருப்பாகப் பயறு கொட்டியது. நீலப் புகை எழுந்து கூரையில் முட்டிப் பரவியது.

"ஷெட்டு வரைக்கும் நாறுது! பக்கத்துல நின்னுட்டு என்ன பண்ணிட்டு இருந்த?" என்றான் அண்ணன் அண்ணியிடம்.

புகை அண்ணியைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். எவ்வளவு அழகாக இறங்குகிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"எனக்குத் தெரியலங்க," என்றாள். "மூக்கு போயிடுச்சு. காய்ச்சல்லயே போயிடுச்சு. அந்தப் பயறையும் நான்தான் தீய விட்டேன். அவன் வாங்கினதுல ஒண்ணும் இல்ல."

கருகிய பயறு தரையில் வெடித்துக்கொண்டிருந்தது.

"மூக்கு எப்படிப் போகும்?" என்றான் அண்ணன். "சளியா இருக்கும்."

அவன் வீட்டுக்குள் போய் ஒரு வெங்காயத்தை நறுக்கி எடுத்துவந்து அவள் முகத்துக்கு முன் நீட்டினான். அவள் மோந்துவிட்டுத் தலையை ஆட்டினாள். தம்பி வண்டியிலிருந்து டீசல் துணியைக் கொண்டுவந்தான். அவள் அதையும் மோந்தாள். இளையவள் தன் தலைவலித் தைலத்தைக் கொடுத்தாள். "குளிருது," என்றாள் அண்ணி. "வாசனை இல்ல." மூன்று பேரும் மாறி மாறிப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவது போல இருந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகக் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தாள்.

கடைசியில் அண்ணன் ஷெட்டுக்குள் ஓடி, தண்ணீர்க் குழாய்க்கு அடியில் ஊறிக் கிடந்த உமியும் எச்சமுமாகக் கை நிறைய அள்ளிவந்தான். தம்பி இரண்டடி பின்னால் போனான். அண்ணி முகத்தைக் கொண்டுபோனாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"பாரு, தெரியுது! தெரியுதுல்ல?"

"கண்ணு எரியுதுங்க," என்றாள் அவள். "மூக்குக்குத் தெரியல."

அண்ணன் அந்தக் கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றான். பிறகு மெல்ல அதைக் கீழே கொட்டினான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அவன் கண்ணிலும் நீர் வந்திருந்தது. அது எச்சத்தின் நெடியாகவும் இருக்கலாம்.

"ஏன் சொல்லல?"

"வந்துடும்னு நினைச்சேன்."

அவன் தலையை ஆட்டினான். தம்பியின் பக்கம் திரும்பாமலே கேட்டான். "வண்டியில டீசல் இருக்கா?"

"துணியில மட்டும்தான் இருக்குன்னு நினைச்சீங்களா?"

"லேபுல அந்தப் பொண்ணு ஏதோ கரைச்சுப் பாக்கறேன்னுச்சே. போயிட்டு வந்துடலாம்."

"மழை வருதேண்ணா."

"நனைஞ்சா என்ன, கரைஞ்சா போயிடுவோம்?"

புண்ணாக்குதான் கரையவில்லை. தீய்ந்த புரதம் காரத் தண்ணீரில் சரியாகக் கரையாது என்று அந்தப் பெண் தாளைக் காட்டினாள். இருக்கும் கோழிகளுக்குத் தீனியில் லைசின் பொடியைச் சேர்த்துப் போடச் சொன்னாள்; போன வளர்ச்சி முழுதாகத் திரும்பாது, ஆனால் இனிமேல் தின்பது சேரும் என்றாள். அண்ணன் வழியிலேயே ஒரு பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஷெட்டைப் பற்றியும் மில்லைப் பற்றியும் அன்றைக்கோ அதற்குப் பிறகோ யாரும் பேச்செடுக்கவில்லை.

பேச்செடுக்காத இன்னொன்றும் இருந்தது. அடுத்து வறுப்பது யார்?

வெயில் வந்த ஒரு காலையில் அண்ணன் டிரம்மைத் தானே பற்றவைத்தான். மில்லின் பெரிய கதவை முழுதாகத் திறந்துவைத்தான். அண்ணி வழக்கம் போல முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நின்றதும், "நீ போய் உக்காரு. நாங்க பாத்துக்கறோம்," என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அவள் போய்ச் சாக்குகளின் மேல் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தாள்.

பயறு உருண்டது. மூன்று பேரும் மூடியைச் சுற்றி நின்றார்கள். கதவு வழியாக வந்த வெயில் அவர்கள் மேல் விழுந்து, டிரம்மின் ஆவி அதில் ஏறி, மூன்று பேரும் தண்ணீருக்குள் நிற்பது போலத் தெரிந்தார்கள்.

"ஆயிடுச்சு, நிறுத்துங்க," என்றான் தம்பி.

"இருடா. சுத்தப் பச்சை."

"எப்பவோ தீஞ்சுடுச்சு மாமா," என்றாள் இளையவள் துப்பட்டாவுக்குள்ளிருந்து.

"யார் மூக்கைத்தான் நம்பறது?"

"என்னோடதை நம்புங்க. பெருசா இருக்குல்ல."

"பெருசா இருந்து என்னடா? குடோனும்தான் பெருசா இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல."

அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி எதிலும் அவசரம். அரைவேக்காட்டுச் சோற்றை வெந்துவிட்டது என்பவன். பேருந்து நிற்பதற்குள் இறங்குகிறவன். கணவன் எதிலும் தாமதம். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சட்டை மாற்றுகிறவன். இளையவளுக்கு இப்போது உலகமே கருகிய வாடைதான். அவளுடைய 'தீஞ்சுடுச்சு' என்பதற்கு, ஏதோ வாடை வர ஆரம்பித்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். மூன்று பேரையும் அவளுக்குத் தெரியும். எவ்வளவு முன்னால் சொல்வார்கள், எவ்வளவு பின்னால் சொல்வார்கள் என்று தெரியும்.

அவள் எழுந்துவந்து அவர்களுக்கு நடுவே நின்றாள்.

"சண்டை போடாதீங்க. ஒவ்வொருத்தரா சொல்லுங்க. இப்ப எப்படி இருக்கு?"

"முடிஞ்சே போச்சு அண்ணி."

"சரி. நீ?"

"கரி, கரி."

"நீங்க?"

"பச்சைதான்," என்றான் அண்ணன்.

அவள் காத்திருந்தாள். டிரம் சுற்றியது. வெயிலில் தூசு சுற்றியது. மூடியைத் திறந்து, ஒரு பயறை எடுத்து நகத்தால் பிளந்து, கதவு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுப் போட்டாள். மறுபடியும் கேட்டாள். தம்பி, போய்விட்டது என்பது போலக் கையை விரித்தான். இளையவள் கதவுக்கு வெளியே போயிருந்தாள். அண்ணி கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் குனிந்து மோந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

"பச்சை…" என்று ஆரம்பித்தவன் ஒரு கணம் தயங்கினான்.

அண்ணி கையைத் தூக்கினாள்.

"இன்னும் பச்சையாத்தான் இருக்கு," என்று அவன் சொல்லி முடிப்பதற்குள், அவனுடைய கை மோட்டாரை நிறுத்தியிருந்தது.